ஆழமாகத் தோண்டினால் தீராது: கிராமக் கழிவுநீரும் மேல்மண்ணும்

தமிழகக் கிராமங்களில் வீட்டுக்குப் பின்புறம் கழிவுநீர்க் குழி தோண்டும்போது, தோண்டுகிறவரும் வீட்டுக்காரரும் நம்புகிற சோதனை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் இறங்குகிறதா என்பது. பத்தடியில் இறங்கவில்லை என்றால் இன்னும் சில சிமெண்ட் உறைகளை வாங்கி வந்து பதினைந்தடி வரை போகிறார்கள். நீர் தடையின்றி உள்ளே போகிற மணல் அடுக்கையோ பாறை வெடிப்பையோ தொட்டதும் வேலை முடிந்ததாகக் கூலி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். குழி நிரம்பாது, நாற்றம் வராது, லாரி கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்கு மறைந்த அந்த நீர் சுத்தமாகிவிட்டதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. பெரும்பாலான இடங்களில் ஆழம் கூடக் கூட அந்தக் கேள்விக்கான பதில் மோசமாகிக்கொண்டே போகிறது. மண் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது தரைக்குக் கீழே உள்ள முதல் மூன்று நான்கு அடி மண். ஆழக் குழி அந்த மண்ணைத் தாண்டிச் சென்று கழிவுநீரை நேராக நிலத்தடி நீரின் தலைமாட்டில் இறக்கிவிடுகிறது.

இந்தக் கேள்வி இப்போது அவசரமானதற்குக் காரணம் குழாய்த் தண்ணீர். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராம வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் நீர் தருவதை இலக்காகக் கொண்டது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 275 லிட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 180 லிட்டர், குளியலறையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் துணி துவைக்கும் கல்லிலிருந்தும் கழிவாக வெளியே வருகிறது. முன்பு பொதுக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்த காலத்தில் இந்த அளவு நீர் வீட்டு வாசலில் தேங்கவில்லை. இதை உணர்ந்துதான் தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் கழிவுநீர் மேலாண்மையையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. 2021 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கிய ‘சுஜலாம்’ இயக்கம், நூறு நாட்களில் நாடெங்கும் பத்து லட்சம் உறிஞ்சுகுழிகளை அமைப்பதாக அறிவித்தது. எண்ணிக்கையை இலக்காக வைப்பதில் நிர்வாக வசதி இருக்கிறது. ஆனால் எந்த மண்ணில், எந்த ஆழத்தில், நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்ற மூன்று கேள்விகளும் எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை.

நகரங்களைப் போல் பாதாளச் சாக்கடை போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாதாளச் சாக்கடைக் குழாயில் திடக்கழிவு தங்காமல் ஓட வேண்டுமென்றால் நிறைய நீர் வேண்டும். அதனால்தான் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு ஆளொன்றுக்கு 135 லிட்டர் என்று இந்திய வழிகாட்டு விதிகள் நிர்ணயிக்கின்றன; 55 லிட்டரில் குழாய் அடைத்துக்கொள்ளும். வீடுகள் சிதறிக் கிடக்கிற ஊரில் செலவின் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, குழாய்க்கும் ஆள்நுழைகுழிக்கும் நீரேற்று மோட்டாருக்குமே போய்விடும். ஆகவே கழிவுநீரை உண்டான இடத்திலேயே, அல்லது ஒரு தெருவின் அளவில், சுத்திகரிப்பதைத் தவிர ஊரகங்களுக்கு வேறு வழி குறைவு. அங்கே கிடைக்கிற மிக மலிவான கருவி மண்.

செப்டிக் டேங்க் இருந்தால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. பிரான்சின் வெசூல் நகரைச் சேர்ந்த ழான் லூயி மூரா 1860களில் உருவாக்கி, 1881இல் காப்புரிமை பெற்ற இந்தத் தொட்டி அடிப்படையில் ஒரு படிவுத் தொட்டிதான். ஒன்றிரண்டு நாட்கள் நீரைத் தேக்கிவைக்கும்போது கனமானவை அடியில் வண்டலாகத் தங்குகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன, நடுவிலிருக்கும் நீர் வெளியேறுகிறது. திடப்பொருள்களில் பாதிக்கு மேல் தொட்டியிலேயே நின்றுவிடும் என்றாலும், வெளியேறும் நீரில் கரைந்த கரிமப் பொருளும் அம்மோனியாவும், ஒவ்வொரு நூறு மில்லிலிட்டரிலும் பல லட்சம் குடல் பாக்டீரியாக்களும் அப்படியே இருக்கும். அந்த நீரைத் தெருச் சாக்கடையில் விடுவதும், சாக்கடை ஊருணியில் போய்ச் சேருவதும் நம் ஊர்களில் சாதாரணக் காட்சி. செப்டிக் டேங்க் என்பது முதல் பாதி. மண் இரண்டாவது பாதி. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் கட்டுவதில் நாம் கைதேர்ந்துவிட்டோம்.

மண் எப்படிச் சுத்திகரிக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தெளிவாயிற்று. பிரிட்டனின் ஆறுகள் மாசு குறித்த ஆணையத்துக்காக வேதியியலர் எட்வர்ட் ஃப்ராங்க்லாண்ட், மண் நிரப்பிய கலங்களில் லண்டன் சாக்கடை நீரை ஊற்றிப் பார்த்தார். இடைவிடாமல் ஊற்றினால் மண் சீக்கிரமே செயலிழந்துவிடுவதையும், ஊற்றுவதும் ஓய்வு கொடுப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்தால் வெளியே வரும் நீர் தொடர்ந்து தெளிவாக இருப்பதையும் அவர் கண்டார். ஓய்வு நேரத்தில் மண்ணின் துளைகளுக்குள் காற்று புகுவதுதான் காரணம். ஆனால் அவர் இதைப் பெரும்பாலும் வேதிவினையாகவே கருதினார். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் செய்த சோதனை அந்தக் கருத்தை மாற்றியது. மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டார்கள். முதல் இருபது நாட்களுக்கு எதுவும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். அடுத்ததாகக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் உருவாவது நின்றது. ஆவியை வெளியேற்றிய பிறகும் அது மீளவில்லை. கொஞ்சம் தோட்ட மண்ணை நீரில் கரைத்து அந்த நீரை ஊற்றியதும் சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. மணலுக்குள் வேலை செய்தது ஏதோ ஓர் உயிர் என்பது அப்போது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அந்தப் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி தனித்துப் பிரித்துக் காட்டினார். இதற்கிடையில் 1887இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவி, எந்த அளவு மணலில் எவ்வளவு நீரை எத்தனை மணி நேர இடைவெளியில் விடலாம் என்று அளக்கத் தொடங்கியிருந்தது.

இந்தச் சோதனைகளிலிருந்து கிடைக்கிற பாடம், காற்றும் நீரும் ஒரே நேரத்தில் மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது. நீர் முழுக்க நிறையாத மண்ணில் பெரிய துளைகளில் காற்றும், சிறிய துளைகளிலும் மண் துகள்களின் மேற்பரப்பிலும் மெல்லிய படலமாக நீரும் இருக்கும். அந்தப் படலத்தின் வழியாக நீர் மிக மெதுவாக, துகளைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது. புழு முட்டைகள் முதல் சில அங்குலங்களிலேயே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. பாக்டீரியாக்கள் துகள்களில் ஒட்டிக்கொண்டு, உணவில்லாமலோ மற்ற நுண்ணுயிர்களுக்கு உணவாகியோ அழிகின்றன. களிமண் துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் வைரஸ்கள் பற்றிக்கொள்கின்றன. பாஸ்பரஸ் இரும்போடும் சுண்ணாம்போடும் பிணைகிறது. கழிவுநீர் மண்ணைத் தொடுகிற பரப்பில் சில வாரங்களில் கரிய வழுவழுப்பான ஒரு படலம் படிகிறது. சில சென்டிமீட்டர் கனமே உள்ள அந்தப் படலத்தைப் பெரும்பாலோர் அடைப்பு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது நீரின் வேகத்தைக் குறைத்து, அதற்குக் கீழேயுள்ள மண் நீரில் மூழ்கிவிடாமல் காக்கிறது. அந்தப் படலம் ஓரளவு இருக்க வேண்டும்; தாங்கும் அளவுக்கு மேல் நீரை ஊற்றினால்தான் அது தடித்துக் குழியை நிரப்பிவிடும்.

இப்போது ஆழக் குழிக்கு வருவோம். பதினைந்தடி ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைவு. மேல்மண்ணில் இருப்பதைப் போன்ற நுண்ணுயிர்க் கூட்டமும் வேர்களும் அங்கே இல்லை. குழி நிறைய நீர் நிற்கும்போது அதன் எடையே சுற்றிலுமுள்ள மண்ணை நிறைத்து, பெரிய துளைகள் வழியாக நீரைத் தள்ளுகிறது. பல நாட்கள் எடுக்க வேண்டிய பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் எட்டடிக்கு ஏறிவரும் ஊரில், பதினைந்தடிக் குழியின் பாதி நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிறது. அங்கே சுத்திகரிக்க மண்ணே இல்லை. இந்திய வழிகாட்டு விதிகள், இரண்டு குழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழிக் கழிப்பறைக்குச் சொல்வதும் இதையொட்டியே அமைந்திருக்கிறது: நுண்ணிய மண்ணில், குழியின் அடிமட்டம் மழைக்கால நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே இருந்தால், குடிநீர்க் கிணற்றிலிருந்து மூன்று மீட்டர் தள்ளினாலே போதும். நீர்மட்டம் நெருங்கிவிட்டால் அந்த இடைவெளி பத்து மீட்டர். பரல் மணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் நிரப்ப வேண்டும். செப்டிக் டேங்க்கின் நீரை மண்ணில் விடுவதற்கான இந்தியத் தர நிர்ணயம் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அறுபதடி, தள்ளச் சொல்கிறது. விதிகளில் செங்குத்து இடைவெளிக்கு இவ்வளவு முக்கியத்துவம் இருந்தும், நடைமுறையில் நாம் கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தரைத் தூரத்தை மட்டுமே அளக்கிறோம். அதையும் மனையின் அகலம் இடம்கொடுத்தால்தான் அளக்கிறோம்.

ஆழம் கூடாது என்றால் பரப்பு வேண்டும். எவ்வளவு பரப்பு என்பதை ஒரு சாதாரண உறிஞ்சுகுழியை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குழி என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி சீக்கிரம் சேறு படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், கணக்கில் எடுக்க வேண்டியது நான்கு பக்கச் சுவர்கள் மட்டுமே, அதாவது நான்கு சதுர மீட்டர். நீண்டகாலத்துக்குத் தாங்கும் அளவாக இந்தியக் கையேடுகள் தருவது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மணலில் 50 லிட்டர், மணலும் களியும் கலந்த இருமண்ணில் 30, வண்டல் மிகுந்த மண்ணில் 20, இறுகிய களிமண்ணில் 10 லிட்டர். ஆக நம் குழி மணலில் 200 லிட்டரை ஏற்கும், இருமண்ணில் 120, களிமண்ணில் வெறும் 40. ஐந்து பேர் கொண்ட வீட்டிலிருந்து வருவது 180 லிட்டர். ஒரே வரைபடத்தைக் கொண்டு எல்லா ஊரிலும் கட்டிய குழிகளில், தேரி மணலில் இருப்பது மட்டும் பல ஆண்டுகள் வேலை செய்வதும், மற்றவை இரண்டாவது மழைக்காலத்தில் பொங்கி வழிவதும் வேலைக்காரரின் குறையால் வருவதில்லை; கணக்கிலேயே இருக்கிறது அந்தக் குறை. பொங்கி வழிந்ததும் வீட்டுக்காரர் செய்வது குழியை இன்னும் ஆழப்படுத்துவதுதான் என்பதால், பரப்புக் குறைவு என்ற ஒரு பிழை ஆழம் மிகுதி என்ற இன்னொரு பிழையாக மாறிவிடுகிறது.

களிமண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரக் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சித்திரையில் அங்கே குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் கண்ணெதிரே மறைந்துவிடும், அது வெடிப்புக்குள் ஓடிய நீர். மழை பெய்து மண் உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. அதே குழியில் ஐப்பசியில் ஊற்றிய நீர் மறுநாளும் நிற்கும். நீர் இறங்கும் வேகத்தை அளக்கும் ஊடுருவல் சோதனை செய்வதற்கு முன் குழியை நீரால் நிரப்பி இரவு முழுக்க ஊறவிட வேண்டும் என்று விதிகள் சொல்வது இதற்காகத்தான். ஊறவைக்காமல் செய்த சோதனை கரிசலில் சோதனையே அல்ல.

இதே வகை மண் ஒரு பணக்கார நாட்டை எப்படித் திணறடிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சான்று. அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு சாக்கடை இணைப்பில்லாமல் செப்டிக் டேங்க்கையும் மண்ணையும் நம்பி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. அலபாமாவின் குறுக்கே கருமண் நிறத்தால் ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர் பெற்ற பட்டையில் நிலைமை வேறு. செல்மா சுண்ணப்பாறையின் மேல் படிந்த, நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிற களிமண் அது. ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்த அதே நிலம். இன்றும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகவும் வறுமையிலும் வாழும் லவுன்ஸ் மாவட்டத்தில், வழக்கமான செப்டிக் டேங்க் பதித்தால் மழைக்காலத்தில் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். அந்த மண்ணுக்குத் தேவையான, தரைக்கு மேல் மணல் மேடு கட்டும் மேட்டுப் படுகை வகை அமைப்புக்குப் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதற்கு வழியில்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிப் புழக்கடைப் பள்ளத்தில் கழிவை விட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு இல்லாமல் வசிப்பது மாநிலச் சட்டப்படி குற்றம் என்பதால், சிக்கல் மண்ணில் இருக்க, வழக்கு மனிதர்கள் மீது வந்தது. அந்த மாவட்டத்தில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் பல ஆண்டுகள் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க நீதித்துறை 2021 நவம்பரில் விசாரணையைத் தொடங்கி, 2023 மே மாதம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையுடன் ஓர் இடைக்கால உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி குடியிருப்போர் மீது வழக்குத் தொடர்வது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. மண் ஏற்காத இடத்தில் குழியைத் தண்டனையால் வேலை செய்ய வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கரிசலில் நீர் இறங்காதது சிக்கல் என்றால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர் மிக எளிதாக இறங்கிவிடுவதே சிக்கல். அங்கே மெல்லிய செம்மண் போர்வைக்குக் கீழே மயோசீன் என்ற பழைய நிலவியல் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. பாறை முழுவதும் நீர் அரித்த துளைகளும் குகைகளும் பிளவுகளும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத அந்த நிலத்தில், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நெடுங்காலமாக உள்ள முதன்மை ஆதாரம் பாறைக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிற நன்னீர் வில்லைதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அமைப்பை நேரடியாகக் காட்டுகிறது. குடாநாட்டின் வலிகாமம் பகுதிக் கிணறுகளில் நைட்ரேட் அளவு அனுமதிக்கத்தக்க வரம்பை மீறியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் பதிவு செய்துவந்திருக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதற்கு மேல் போனால், குறிப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் பாதிக்கப்படலாம். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் உரமும் எருவும் இதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு வளவுக்குள்ளும் கிணற்றுக்கு அருகிலேயே இருக்கிற மலசலகூடக் குழி இன்னொன்று. பாறைப் பிளவைத் தொட்டுவிட்ட குழியில் அறுபதடி இடைவெளி என்ற விதிக்கு அர்த்தமில்லை, ஏனெனில் நீர் அங்கே மண்ணுக்குள் கசியாமல் குழாயில் போவதுபோல் ஓடுகிறது.

நைட்ரேட் விஷயத்தில் ஒரு கசப்பான நுட்பமும் உண்டு. நல்ல காற்றோட்டமுள்ள மண் அம்மோனியாவை முழுமையாக நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஷ்லோசிங்கின் குழாயில் நடந்ததும் அதுதான். ஆனால் நைட்ரேட் எதிர்மின் ஏற்றமுள்ளது, மண் துகளும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே அது எதிலும் ஒட்டாமல் நீரோடு இறங்கிவிடும். கிருமிகளை நிறுத்துவதில் வெற்றி பெற்ற மண், நைட்ரஜனை நிறுத்துவதில் தோற்றுப்போகலாம். அதைப் பிடிக்க இரண்டே வழிகள்: செடி உறிஞ்சிக்கொள்ள வேண்டும், அல்லது காற்றில்லாத ஓரிடத்தில் கரிமப் பொருளை உண்டு வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடம் மேல்மண்ணில்தான் இருக்கிறது.

கிணற்றடி வாழை இந்த இரண்டில் முதல் வழி. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஆழமில்லாத வாய்க்காலில் ஓடி வாழைப் பாத்தியில் பாய்வதைத் தமிழகத்திலும் ஈழத்திலும் யாரும் சுத்திகரிப்பு என்று அழைத்ததில்லை. ஆனால் வாழையின் வேர்களில் பெரும்பகுதி மேலுள்ள இரண்டடிக்குள் படர்கிறது, அது நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் பேராசையோடு எடுத்துக்கொள்ளும், அகன்ற இலைகள் வழியாக நீரை ஆவியாக்கும். குளியல் நீருக்கு இதைவிட எளிய அமைப்பு இருக்க முடியாது. கழிப்பறை நீரைத் திறந்த பாத்தியில் விடக்கூடாது என்பதையும், ஒரே பாத்தியில் நாள்தோறும் ஊற்றாமல் இரண்டு பாத்திகளுக்கு மாற்றி மாற்றி விட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் நீருக்கு இதன் பொறியியல் வடிவம், இரண்டடி ஆழத்தில், சல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து, மேலே மண் மூடிய நீண்ட பள்ளம். ஒற்றை ஆழக் குழிக்குப் பதிலாக அதே அளவு மண்வெட்டி வேலையில் பத்துப் பதினைந்து மீட்டர் நீளப் பள்ளம் தோண்டலாம். கிடைக்கிற பரப்பு முழுவதும் மேல்மண்ணிலேயே இருக்கும்.

நீர்மட்டம் மேலே இருக்கும் காவிரி டெல்டாவிலோ கரிசலிலோ பள்ளமும் உதவாது. அங்கே தரைக்கு மேல் மணல் மேடு கட்டி, கழிவுநீரை மேட்டின் உச்சியில் சிறிது சிறிதாக இறைத்து, மணலின் வழியே கீழிறங்க விட வேண்டும். வடக்கு டகோட்டாவில் 1940களின் இறுதியில் தொடங்கி, 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செம்மைப்படுத்தப்பட்ட முறை இது. அலபாமாவின் ஏழைகளுக்கு எட்டாத மேட்டுப் படுகையும் இந்த வகைதான். நம் ஊரில் இதன் செலவைத் தீர்மானிக்கப்போவது மணலின் விலை.

ஜப்பானியர் இன்னும் ஒரு படி போனார்கள். நீமி என்பவரின் பெயரால் வழங்கும் பள்ளத்தில் அடியில் நீர் புகாத விரிப்பைப் போட்டு, கழிவுநீர் கீழே இறங்காமல் தடுத்து, மண்ணின் நுண்துளை ஈர்ப்பால் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் மேல்மண்ணுக்கே ஏறும்படி செய்தார்கள். ஆழக் குழிக்கு நேர் எதிரான சிந்தனை என்று இதைச் சொல்லலாம். 1990களில் ஷிமானே பல்கலைக்கழகத்தின் தொஷியுகி வாகத்சுகி உருவாக்கிய பல்லடுக்கு மண் முறையில், மண்ணோடு மரத்தூளும் இரும்புத் தூளும் கலந்த கட்டிகளைச் செங்கல் சுவர்போல் மாறி மாறி அடுக்கி, இடைவெளிகளில் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமமோ சல்லியோ நிரப்புகிறார்கள். இடைவெளிகளில் காற்று, கட்டிகளுக்குள் காற்றின்மை. இடைவெளியில் உருவாகும் நைட்ரேட், கட்டிக்குள் மரத்தூளை உண்ணும் பாக்டீரியாக்களால் வாயுவாகிறது. இரும்பு பாஸ்பரஸைப் பிடிக்கிறது. வெறும் மண்ணில் சதுர மீட்டருக்குச் சில பத்து லிட்டரே விடலாம் என்றால் இதில் பல நூறு லிட்டர் விடலாம். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எச்.எஸ். சங்கர் வளர்த்தெடுத்த மண் உயிரித் தொழில்நுட்பம், மண்புழுவும் செடியும் நுண்ணுயிரும் சேர்ந்த வடிகட்டிப் படுகை. காற்றடிக்கும் இயந்திரம் தேவையில்லாததால், ஒரு தெருவுக்கோ பள்ளி விடுதிக்கோ பொருந்தும். யாழ்ப்பாணம் போன்ற இடத்தில் குழியின் அடியை மூடிவிட்டு இத்தகைய தொட்டியில் நைட்ரஜனைக் கழித்த பிறகே நீரை நிலத்துக்கு விடுவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. செலவு கூடுதல்தான், மாற்று ஆதாரம் எளிதில் கிடைக்காத குடிநீரின் விலையோடு ஒப்பிட்டே அதைப் பார்க்க வேண்டும்.

எந்த அமைப்பும் கவனிப்பின்றி நீடிக்காது. அடுப்படி நீரிலுள்ள எண்ணெய்ப்பிசுக்கை முதலில் ஒரு சிறிய பொறித்தொட்டியில் தடுக்காவிட்டால் மண்ணின் துளைகள் மாதங்களில் அடைபடும். சலவைத்தூளில் சோடியம் மிகுதி; களிமண்ணில் அது கால்சியத்தை இடம்பெயர்த்து, மண்கட்டிகளைச் சிதறடித்து, நீர் புகாத சேறாக்கிவிடும் என்பதால், கரிசல் ஊர்களில் சலவை நீரைத் தனியே பிரிப்பது நல்லது. செப்டிக் டேங்க்கின் வண்டலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதர்களை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் விஷவாயுச் சாவுகள் நின்றபாடில்லை. இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு இந்த ஆபத்து இல்லை: ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றி, நிறைந்ததை இரண்டு ஆண்டு மூடி வைத்தால் உள்ளே இருப்பது வாசனையற்ற மக்கு மண். ஆனால் அங்கும் இரண்டு குழிகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பயன்படுத்துகிற வீடுகள் உண்டு. மாற்றும் வழியைக் கொத்தனார் சொல்லிக்கொடுக்காமலேயே போய்விடுகிறார்.

அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டிய குழிக்குப் பணம் வழங்கும்போது, அதன் நீளமும் அகலமும் ஆழமும் அளவுப் புத்தகத்தில் ஏறுகின்றன. ஆழம் கூடினால் கன அளவு கூடும், கன அளவு கூடினால் கூலியும் கூடும். சுத்திகரிப்பைக் கெடுக்கிற ஒன்றுக்குத்தான் அந்தப் புத்தகம் பணம் கொடுக்கிறது. அதே பக்கத்தில் பக்கத்துக் கிணற்றின் மார்கழி மாத நீர்மட்டத்தையும், ஊறவைத்த பின் ஒரு வாளி நீர் இறங்க எடுத்த நேரத்தையும் எழுத இரண்டு கட்டங்கள் சேர்த்தால், எந்த ஊரில் குழி, எந்த ஊரில் பள்ளம், எந்த ஊரில் மேடு என்பதை ஊராட்சிச் செயலரே பார்த்துச் சொல்லிவிடலாம்.